ராடையும் சேர்த்து

பிப்ரவரி 3, திங்கட்கிழமை காலை 10.40 மணிக்கு, நகரப் பொது மருத்துவமனையின் அடித்தளத்தில் உள்ள சலவைப் பிரிவில், மூன்றாம் எண் இயந்திரத்திலிருந்து ஈரப் படுக்கைவிரிப்புகளை வெளியே இழுக்கும்போது, சலவைப் பிரிவு சூப்பர்வைசரின் வலது கை மோதிர விரல் பிசகியது.

அந்த இயந்திரத்தில் விரிப்புகள் சுற்றிச் சுற்றி, கடைசியில் கயிறு திரித்ததுபோல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு முனையைப் பிடித்து, காலை அடிச்சட்டத்தில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தால் மொத்தமும் சேர்ந்து வெளியே வந்து விழும். இருபத்திரண்டு வருடமாக அவர் அப்படித்தான் இழுத்து வருகிறார். சூப்பர்வைசர் ஆன பிறகு இழுக்க வேண்டிய அவசியமில்லை. அன்று இழுக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். காத்திருக்க இவருக்குப் பொறுமை இல்லை. துணி முனை ஒற்றை விரலில் மட்டும் சுற்றிக்கொண்டது.

வலிக்கு முன்னால் கோபம் வந்தது. "இன்னும் நாப்பத்தெட்டு நாள்தான் இருக்கு," என்றார், இயந்திரத்தைப் பார்த்து.

மடிப்பு மேசையில் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எதுக்கு மேடம்?"

"போட்டிக்கு. வெயிட் தூக்குறதுக்கு."

"இங்க தினம் தூக்குறதெல்லாம் பஞ்சா மேடம்? இதுக்கு எவனாவது மெடல் குடுக்குறானா பாருங்க."

சூப்பர்வைசருக்கு வயது நாற்பத்தொன்பது. பவர்லிஃப்டிங் பழக ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. அந்தப் போட்டியில் மூன்று தூக்கல்கள் உண்டு. எடையைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது ஸ்குவாட். மல்லாந்து படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடப்பதைக் கையால் பிடித்து எடுத்து நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தேறிய அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் வருவது மொத்தம். ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் போய்விட்டால் மொத்தம் என்பதே கிடையாது.

போன வருடம் அவருக்கு அப்படித்தான் ஆனது. பெஞ்ச் பிரஸில், எடைகள் மாட்டிய இரும்பு ராடு மார்பில் அசையாமல் நின்ற பிறகு நடுவர் "பிரஸ்" என்று சொல்வார். சொன்ன பிறகுதான் தள்ள வேண்டும். இவர் மூன்று தடவையும் சொல்வதற்கு முன்பே தள்ளிவிட்டார். முடிவுத் தாளில் ஐந்து பேருடைய பெயர்கள் இருந்தன. நான்கு பெயருக்கு எதிரே எண்கள். இவர் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு.

"சிக்னல் விழறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்தா ஃபெயில்தான்," என்றார் அவருடைய கணவர். அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். உலகத்தில் நடக்கும் எதற்கும் அவரிடம் ஒரு சாலை விதி இருக்கும்.

"அடுத்த வருஷம் அந்த எடத்துல ஒரு நம்பர் வரணும்," என்றார் சூப்பர்வைசர். "கடைசி எடமா இருந்தாலும் சரி. கோடு மட்டும் வேணாம்."

வருடம் முழுக்க உழைத்ததும் அதற்காகத்தான். இப்போது விரல் வீங்கிக் கிடந்தது.

பிசியோ அதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இருந்தார். மெதுவாகப் பேசுபவர். விரலை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்தார்.

"கிழியல. சுளுக்குதான். நடுவிரலோட சேத்துக் கட்டிடறேன். ஆறேழு வாரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் இந்த விரலுக்கு மட்டும் லீவு."

"மத்த ஒம்பது விரலுக்கு?"

"அதுங்களுக்கு லீவு கேட்டா நீங்க குடுக்கவா போறீங்க?"

காலுக்கும் முதுகுக்கும் ஒன்றுமில்லை, குந்தலாம், தள்ளலாம், அந்த விரலில் மட்டும் எடை இறங்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கட்டுப் போட்ட இரண்டு விரலும் சேர்ந்தே நீட்டிக்கொண்டு நின்றன. அடுத்த சில வாரங்களுக்கு அவர் எதைக் காட்டிப் பேசினாலும் யாரையோ ஆசீர்வதிப்பதுபோல இருந்தது. சலவைப் பிரிவில் இரண்டு பேர் தலையைக் குனிந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

ஜிம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழிருந்து ரப்பர் வாடை ஏறி வரும். மேலிருந்து இரும்பு விழும் சத்தம் இறங்கிப் போகும். கடைக்காரரும் ஜிம்காரரும் இதைப் பற்றிப் பேசிப் பேசிச் சலித்துச் சமாதானமாகிவிட்டவர்கள்.

கோச் இருபத்தேழு வயதுப் பெண். பகலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். சூப்பர்வைசரை 'அக்கா' என்பார். கட்டைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. பையிலிருந்து இரண்டு துணிப் பட்டைகளை எடுத்தார்.

"டெட்லிஃப்டுக்கு இனிமே இந்த ஸ்ட்ராப்தான் அக்கா. மணிக்கட்டுல மாட்டி ராடுல சுத்திட்டா விரலுக்கு வேலையே இல்ல. காலும் முதுகும் பாட்டுக்கு வளரட்டும்."

"போட்டியில இதக் கட்ட விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. விரல்ல கட்டுப் போட்டுக்கவும் விட மாட்டாங்க. அதனால வாரத்துல ஒரு நாள் கட்ட அவுத்துட்டு, ஸ்ட்ராப்பும் இல்லாம நாலு விரலாலயே பிடிச்சுப் பழகுவோம். மோதிர விரல் சும்மா வெளிய நிக்கட்டும்."

"டீ கப் பிடிக்கிற மாதிரியா?" என்றது ஒரு குரல்.

அது கணக்கு டீச்சர். சூப்பர்வைசரின் நாத்தனார், கணவருடைய ஒரே தங்கை. உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்குச் சொல்லித் தருகிறார். டாக்டர் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னதால் ஜிம்முக்கு வருகிறார். பத்து நிமிடம் நடப்பார். மீதி ஐம்பது நிமிடம் மற்றவர்களைக் கண்காணிப்பார்.

கண்காணித்ததில் அவர் கண்ணில் ஒரு குறை பட்டிருந்தது. அந்த ஜிம்மில் ராடின் எடையை யாரும் எண்ணுவதில்லை. இருபக்கமும் மாட்டும் பிளேட்டுகளை மட்டும் கூட்டிச் சொல்வார்கள். ராடு மட்டும் இருபது கிலோ. எண்பது தூக்கினேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தூக்கியது உண்மையில் நூறு. போட்டியில் அப்படியில்லை, ராடையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

"இருபது கிலோவ அப்படியே முழுங்கிடறீங்களே," என்பார் டீச்சர்.

"ராடு எல்லாருக்கும் பொதுதானே டீச்சர்," என்பார் கோச்.

"காத்து கூடத்தான் பொது. காத்து இருபது கிலோவா இருக்கு?"

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இருந்த எண்களைத் திருத்தி, இருபது கூட்டி எழுதுவதை அவர் ஒரு சேவையாகவே செய்துவந்தார். மறுநாள் காலை வருபவர்கள் பழையபடி மாற்றிவிடுவார்கள். சாயங்காலம் டீச்சர் வந்து மறுபடி கூட்டுவார்.

(இந்தக் கதையில் எடைகள் எல்லாம் ராடையும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.)

முதல் வாரம் நான்கு விரலில் ஐம்பது கிலோ நின்றது. இரண்டாம் வாரம் அறுபத்தைந்து. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சுண்டுவிரலும் தங்களுக்குள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. கட்டைவிரல் மேற்பார்வை பார்த்தது. ஸ்ட்ராப் கட்டிய நாட்களில் எடை தன் போக்கில் ஏறியது. அடிபடுவதற்கு முன் அவருடைய அதிகபட்சம் நூற்றுப் பதினைந்து. ஐந்தாம் வாரம் ஸ்ட்ராப் போட்டு நூற்று இருபதை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். கீழிருந்து டயர் கடைக்காரர் கூரையைத் தட்டினார்.

பெஞ்ச் பிரஸ் பயிற்சி வீட்டிலும் நடந்தது. கூடத்தில் பாய் விரித்துச் சூப்பர்வைசர் மல்லாந்து படுப்பார். மார்பின் மேல் துடைப்பக் கட்டை. கணவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடுவர் வேலை பார்ப்பார். சில தடவை இரண்டு விநாடியில் "பிரஸ்" என்பார். சில தடவை ஏழெட்டு விநாடி கழித்து.

"இவ்வளவு நேரம் எந்த நடுவர் நிறுத்துவார்?"

"எல்லா சிக்னலும் ஒரே மாதிரி இருக்காது. பேசாம படு."

ஒருநாள் கட்டை மார்பில் இருக்கும்போது போன் அடித்தது. கணவர் பால்கனிக்குப் போனார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதா திரும்பிப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறார். விளக்கம் பதினோரு நிமிடம் நீண்டது. திரும்பி வந்தபோது மனைவி அதே நிலையில் கிடந்தார். கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின.

"பிரஸ்," என்றார் கணவர், சின்னக் குரலில்.

கட்டை மேலே போனது. அதற்கப்புறம் எங்கே போனது என்பதை இருவருமே வெளியில் சொல்வதில்லை.

கடைசி வாரம் நான்கு விரலில் நூறு கிலோ நின்றது. போட்டியின் முதல் டெட்லிஃப்ட் நூறு என்று கோச் முடிவு செய்தார்.

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. நகர உள்விளையாட்டரங்கத்தின் தரையில் வாலிபால் கோடுகளுக்கு நடுவே ஒரு மர மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு மூன்று பக்கமும் மூன்று நடுவர்கள். அவர்கள் பொத்தானை அழுத்தினால் மேலே விளக்கு எரியும். வெள்ளை சரி, சிவப்பு தவறு. மூன்றில் இரண்டு வெள்ளை விழுந்தால் போதும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், எழுபத்தாறு கிலோ உடல் எடைப் பிரிவு: ஐந்து பேர்.

ஸ்குவாட்டில் எண்பத்தைந்து தேறியது. பெஞ்ச் பிரஸில் நாற்பதில் ஆரம்பித்தார். ராடு மார்பில் இறங்கி நின்றது. நடுவர் நிதானமான மனிதர். "பிரஸ்" என்றதும் எடை மேலே போனது. மூன்று வெள்ளை விளக்கு. பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று கைதட்டிய ஒரே ஆள் கணவர். இரண்டாவது வாய்ப்பில் நாற்பத்தைந்து. அதுவும் வெள்ளை.

போன வருடம் போன இடம் தாண்டியாகிவிட்டது. டெட்லிஃப்டில் ஒன்றே ஒன்று தேறினால் போதும், மொத்தம் வந்துவிடும்.

பின்னறையில் தயாராகும்போது, எண்பது கிலோவை எடுத்து வைத்த கையோடு சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். ஈரத்துணி போல விரலை உதறினார்.

"வலிக்குதா அக்கா?"

"வலின்னு சொல்ல முடியாது. ஞாபகப்படுத்துது."

கோச் யோசிக்கவில்லை. முதல் வாய்ப்பின் எடையை, சுற்று ஆரம்பிக்க மூன்று நிமிடம் இருக்கும் வரை ஒரே ஒரு தடவை மாற்றலாம். அவர் ஒரு துண்டுச் சீட்டில் 90 என்று எழுதி டீச்சரிடம் நீட்டினார். "டீச்சர், ஓடிப் போய் ஸ்கோர் மேசையில குடுத்துட்டு வாங்க. டெட்லிஃப்ட் முதல் அட்டெம்ப்ட். சீக்கிரம்."

டீச்சர் ஓடினார். ஜிம்மில் நடந்த மொத்தத் தூரத்தைவிட அன்று ஓடிய தூரம் அதிகம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

டெட்லிஃப்ட் சுற்றில் குறைந்த எடைக்காரர் முதலில் வருவார். தொண்ணூறு என்றால் இவர்தான் முதல். பிடி வழுக்காமலிருக்கக் கையில் சுண்ணப்பொடி பூசிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கி வேறொருவரைக் கூப்பிட்டது. அவர் தொண்ணூற்றைந்து தூக்கிவிட்டுப் போனார். அடுத்ததும் வேறொருவர், நூறு. மூன்றாவது ஒருவர், நூற்றைந்து.

"என்னை ஏன் கூப்பிடல?" என்றார் சூப்பர்வைசர்.

கோச் எட்டிப் பார்த்தார். எண் பலகையில் சூப்பர்வைசருக்கு நேரே 110 என்று இருந்தது.

"டீச்சர்! அங்க என்ன எழுதினீங்க?"

"நூத்திப் பத்து," என்றார் டீச்சர், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. "நீங்க அவசரத்துல ராட விட்டுட்டீங்க. தொண்ணூறும் இருபதும் நூத்திப் பத்து. நான் சேத்துட்டேன்."

"நான் எழுதினதே ராடோட சேத்துதான் டீச்சர்," என்றார் கோச்.

"நூறுன்னு இருந்தத கூட்டறீங்கன்னு நெனச்சேன். விரல் நல்லாயிடுச்சு போலன்னு..." என்றார் டீச்சர்.

கோச் மேசைக்கு ஓடினார். அங்கே இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு தடவைதான் மாத்தலாம்மா. மாத்தியாச்சு. அடுத்த அட்டெம்ப்ட்ல வேணா ஏத்தலாம், எறக்க முடியாது."

நூற்றுப் பத்து என்றால் நான்கு விரல் இதுவரை பிடித்ததைவிடப் பத்து கிலோ அதிகம். மூன்று வாய்ப்பும் அதே எடையில்தான். மூன்றும் போனால் ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸும் கணக்கிலேயே வராது.

கோச் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். டீச்சர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. சூப்பர்வைசர் முதலில் நாத்தனாரைப் பார்த்தார். பிறகு எண் பலகையைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"இருபது வருஷமா கூட்டல் சொல்லித் தர்றீங்களே டீச்சரம்மா!"

"கூட்டல் சரிதான் அண்ணி," என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கூட்டாம இருந்திருக்கணும். அவ்வளவுதான்."

அதற்குள் ஒலிபெருக்கி கூப்பிட்டுவிட்டது.

முதல் வாய்ப்பு. மேடையில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. குனிந்து பிடித்தபோது நான்கு விரல் போதாது என்று கை தானாக முடிவு செய்தது. மோதிர விரலும் சேர்ந்து மடங்கியது. எடை தரையை விட்டு எழும்பி முழங்கால் வரை சுலபமாக வந்தது. அங்கே விரலில் சுருக்கென்று குத்தியது. கை திறந்துகொண்டது. ராடு விழுந்தது. மூன்று சிவப்பு.

உள்ளே வந்தவுடன் அவரே சொன்னார். "கால்ல கனமே தெரியல. கைதான் பயந்துடுச்சு. அந்த விரல நான் உள்ள விட்டிருக்கக் கூடாது."

"நாலு விரல்ல பிடிக்கும்னு நெனக்கிறீங்களா அக்கா?"

"நெனக்கல. பிடிக்கணும்."

கணவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார். ஏதோ சாலை விதி சொல்லப் போகிறார் என்று மூன்று பேரும் பார்த்தார்கள். "தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது வாய்ப்பு. இந்தத் தடவை குனிந்ததும் முதல் காரியமாக மோதிர விரலை நேராக நீட்டினார். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக ராடில் பதித்தார். நீட்டிய விரலைப் பார்த்து முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். யாரோ, "அக்கா டீ ஆறப்போகுது!" என்று கத்தினார். அரங்கமே சிரித்தது. சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தினார். கால்களால் தரையைத் தள்ளினார்.

எடை கிளம்பியது. முழங்காலைத் தாண்டியது. தொடையில் உரசிக்கொண்டு ஏறியது. சுண்டுவிரல் மெல்லத் திறக்க ஆரம்பித்தது அவருக்குத் தெரிந்தது. இடுப்பை முன்னால் கொண்டுவந்து நிமிர்ந்தார். தோள் பின்னால் போனது. நடுவர் கையை இறக்கி, "டவுன்" என்றார்.

அவர் இறக்கவில்லை. அரங்கத்தின் கூச்சலில் காதில் விழவில்லை. எடையைப் பிடித்தபடி, ஒரு விரலை நீட்டியபடி, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி! சொல்லியாச்சு! எறக்குங்க!" டீச்சரின் குரல், கடைசி பெஞ்சு வரை கேட்டுப் பழகிய குரல், எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது.

இறக்கினார். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு.

டீச்சர் மேடைப் படியிலேயே வந்து கட்டிக்கொண்டார். அவருடைய கறுப்பு ரவிக்கையின் முதுகில் வெள்ளையாக இரண்டு கைத்தடம் விழுந்தது. ஒன்றில் நான்கு விரல்கள்தான் இருந்தன.

மூன்றாவது வாய்ப்புக்கு ஒரு நிமிடத்துக்குள் எடை சொல்ல வேண்டும். கோச் பேனாவை எடுத்தார்.

"நூத்துப் பதினஞ்சு போடட்டுமா அக்கா?"

"வேணாம்மா. இந்தச் சீட்ட யார் கொண்டு போவாங்க?"

"நான் போறேன்," என்றார் டீச்சர்.

"அதனாலதான் வேணாங்கறேன்."

கோச் தானே நடந்து போய், மூன்றாவது வாய்ப்பு எடுக்கவில்லை என்று மேசையில் சொல்லிவிட்டு வந்தார்.

மாலை 4.15 மணிக்கு முடிவுத் தாளை அரங்கத்தின் வாசலில் ஒட்டினார்கள். ஸ்குவாட் 85, பெஞ்ச் பிரஸ் 45, டெட்லிஃப்ட் 110. மொத்தம் 240 கிலோ. ஐந்து பேரில் நான்காம் இடம். மறுநாள் காலை பிசியோ விரலைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரத்துக்குக் கட்டுப் போட்டார்.